இந்தச் சம்பவம் யாரிடம் புகாரளிக்கப்படும்?

2022ஆம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை மாலை. எங்கள் காலனி சமுதாயக் கூடத்தில் ஏழு பழைய லேப்டாப்புகள், ஒன்பது பிள்ளைகள், ஒரே ஒரு பிளக் பாயிண்ட். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் டெர்மினலில் எங்கள் நோட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்தாள். ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள். அதன் பொருள் இதுதான்: "இந்தப் பயனர் சுடோயர்ஸ் கோப்பில் இல்லை. இந்தச் சம்பவம் புகாரளிக்கப்படும்."

சட்டென்று விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"ஆருகிட்டக்கா சொல்லும்?" என்று கேட்டாள்.

லினக்ஸ் பழகியவர்கள் இந்த வரியைப் பார்த்துச் சிரிப்பார்கள். இதை வைத்து எத்தனையோ நகைச்சுவைகள் இருக்கின்றன. எங்கள் கூடத்தில் அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் அப்பத்தாக்கள் செருப்புப் போட்டு ஊர்த்தெருவில் நடந்தால் அது புகாராகப் போனது. அப்பாமார்கள் டீக்கடையில் தனிக் குவளை வேண்டாம் என்று சொன்னால் அதுவும் புகார்தான். தொடக் கூடாததைத் தொட்டுவிட்டோம், யாரோ யாரிடமோ சொல்லப்போகிறார்கள் என்கிற பயம் எங்களுக்கு இயந்திரத்துக்கு முன்பே தெரியும்.

தோழர்களே, நிரல்மொழிக் கருவிகளை லினக்ஸில் நிறுவிய கதையைத்தான் சொல்ல வருகிறோம். கட்டளைகள் எல்லா இடத்திலும் கிடைக்கும். அந்தக் கட்டளைகளுக்கும் எங்கள் காலனிக்கும் நடுவில் இருந்த தூரத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதனால் நாங்கள் எழுதுகிறோம்.

கோவைக்குக் கிழக்கே, விசைத்தறிச் சத்தம் ராத்திரியும் கேட்கும் ஊர்களில் ஒன்று எங்களுடையது. பெயர் போட வேண்டாம் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். அருந்ததியர் குடியிருப்பு. மாலை நேரப் படிப்பகத்தை நாங்கள் மூன்று பேர் நடத்துகிறோம். ஒருவர் சமூகவியல் முதுகலை முடித்துச் சமூகப் பணியில் இருப்பவர். ஒருவர் தனியார் பள்ளி ஆசிரியை. மூன்றாமவர் எங்கள் தம்பி. 2009இல் கிடைத்த 3 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்து, எங்கள் தெருவில் முதலில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவன். அவன் கல்லூரியில் குழு பிரிக்கும் நாளில் எந்தக் குழுவும் அவனைச் சேர்த்துக்கொள்ளாது. ஆய்வகத்தில் மிச்சமாகும் இயந்திரம்தான் அவனுக்கு. அது அடிக்கடி நின்றுபோகும். அப்படி நின்றுபோனதைத் தானே பிரித்து, பென் டிரைவில் லினக்ஸ் போட்டு எழுப்பிப் பழகியவன். ஒதுக்கி வைத்ததுதான் அவனுக்கு ஆசானாக இருந்தது என்று சொல்லி அதை நாங்கள் கொண்டாடத் தயாராக இல்லை. அவன் இழந்தது அவனுக்குத் தெரியும்.

ஏன் இந்த வேலைக்கு இறங்கினோம்? 2018இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++ வந்தது, உபுண்டுவைப் பற்றியும் பாடம் வந்தது. அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான். பாடப்புத்தகம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஆய்வகத்தில் ஒரு கம்ப்யூட்டருக்கு நாலைந்து பேர். எங்கள் பிள்ளைகள் பைத்தானை நோட்டில் எழுதித்தான் படித்தார்கள். நீச்சலைப் பலகையில் எழுதிப் படிப்பது போல.

அப்போதுதான் வீடுகளின் பரணைப் பார்த்தோம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அதில் அண்ணன்களும் அக்காள்களும் வாங்கிய லேப்டாப்புகள் துணியில் சுற்றிக் கிடந்தன. 2 ஜிபி ராம். பேட்டரி செத்திருந்தது. விண்டோஸ் எழுந்து வருவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். "ரிப்பேருங்க" என்றார்கள். இயந்திரம் பழுதாகவில்லை, மென்பொருள்தான் அதற்குப் பாரமாகிவிட்டது.

அவற்றில் சிலவற்றைத் திறந்ததும் எங்களுக்கு ஒரு நினைவு வந்தது. தொடங்கும்போது திரையில் இரண்டு பெயர்கள் வரும். ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ். அது சென்னையில் உள்ள சி-டாக் 2007இல் வெளியிட்ட இந்திய லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. சி எழுதவும் பைத்தான் எழுதவும் வேண்டிய எல்லாமே அந்த இரண்டாவது பெயருக்குப் பின்னால் காத்திருந்தது. எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. எங்கள் தலைமுறை முதல் பெயரை அழுத்தியே வளர்ந்தது.

இந்த இடத்தில் ஒரு பெயரை இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்தை 2000களின் இரண்டாம் பாதியில் லினக்ஸ் பக்கம் திருப்பியவர் அதன் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அரசுப் பணம் ஏன் உரிமக் கட்டணமாகப் போக வேண்டும் என்று கேட்டவர். 2010 ஜூலையில் அவருடைய சாதிச் சான்றிதழைக் கேள்விக்குள்ளாக்கி அவரைப் பணியிடைநீக்கம் செய்தார்கள். தலித் அமைப்புகள் உட்படப் பலரும் எதிர்த்தார்கள். அடுத்த மாதமே அது திரும்பப் பெறப்பட்டது. அரசுக் கம்ப்யூட்டர்களைத் திறந்த மென்பொருளுக்கு மாற்றிய அதிகாரியிடமும் கடைசியில் சான்றிதழைத்தான் கேட்டார்கள்.

வாளையாறு தாண்டினால் கேரளம். அங்கே அரசுப் பள்ளிகள் அந்த ஆண்டுகளிலேயே கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், தேர்வையும் அதிலேயே வைத்தார்கள். எங்களுக்கு இங்கே இயந்திரம் வந்தது, அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வரவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். தம்பி டெபியன் 11ஐத் தேர்ந்தெடுத்தான். பழைய இயந்திரத்தில் ஓடும், காசு கேட்காது. பென் டிரைவில் ஏற்றி ஒவ்வொன்றாக நிறுவினோம். இயங்குதளம் வந்துவிட்டது. பைத்தான் அதிலேயே இருக்கிறது. சி, சி++ மொழிகளுக்கு ஜிசிசி வேண்டும். "பில்ட்-எசன்ஷியல்" என்ற ஒரே பெயரைச் சொன்னால் ஜிசிசியும் அதற்குத் துணையானவையும் சேர்ந்து வரும். கூடவே கிட், பைத்தானுக்கான வீஎன்வி. ஒரு வரிக் கட்டளைதான்.

அந்த ஒரு வரிக்கு இணையம் வேண்டும். கூடத்தில் இணையம் கிடையாது. எங்கள் போன்களில் நாளுக்கு 1.5 ஜிபி. ஏழு லேப்டாப்பும் தனித்தனியாக இறக்கினால் தாங்காது. தம்பி ஒரு வழி சொன்னான். ஒரு லேப்டாப்பில் மட்டும் இறக்குவோம். இறக்கிய பொதிகளை டெபியன் ஒரு கோப்புறையில் சேர்த்து வைக்கும். அதைப் பென் டிரைவில் எடுத்து மற்ற ஆறுக்கும் கொடுப்போம். ஒரு வீட்டில் தண்ணீர் வந்தால் தெருவே குடம் கொண்டுபோவது எங்களுக்குப் புதிதா என்ன?

இறக்கினோம், நிறுவினோம். கோப்புறையைத் திறந்தால் காலி. அன்றைய டேட்டாவும் தீர்ந்துவிட்டது. பிள்ளைகள் எங்களைப் பார்க்க, நாங்கள் தம்பியைப் பார்க்க, அவன் தலையைச் சொறிந்தான்.

மறுநாள்தான் காரணம் தெரிந்தது. "ஆப்ட்" என்ற கட்டளை நிறுவி முடித்ததும் இறக்கிய பொதிகளைத் தானே அழித்துவிடும். அதன் மூத்த வடிவமான "ஆப்ட்-கெட்" அழிக்காமல் வைத்திருக்கும். ஒரு சின்ன வித்தியாசம். வீட்டில் பிராட்பேண்ட் உள்ளவருக்கு இந்த வித்தியாசம் வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே போகலாம். எங்களுக்கு அது ஒரு நாள் டேட்டா. வழிகாட்டிகள் எல்லாம் இணையம் இருக்கும் வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கிராமத்தில் வகுப்பு எடுக்கப்போகும் தோழர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: இறக்கிப் பகிர வேண்டுமானால் ஆப்ட்-கெட். எல்லா லேப்டாப்பிலும் ஒரே டெபியன் பதிப்பு இருக்க வேண்டும். பொதிகளை முதலில் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு பிறகு மற்ற வேலையைப் பாருங்கள்.

அடுத்த சனிக்கிழமைதான் அந்தப் பெண் கையை எடுத்துக்கொண்ட சம்பவம். தவறு எங்களுடையது. டெபியனை நிறுவும்போது ரூட் என்ற தலைமைப் பயனருக்குத் தனிப் பாஸ்வேர்ட் கொடுத்தால், சாதாரணப் பயனருக்கு சுடோ அனுமதி கிடைக்காது. நாங்கள் எல்லா லேப்டாப்பிலும் ரூட் பாஸ்வேர்டை நாங்களே போட்டு, நாங்களே வைத்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் எதையாவது கெடுத்துவிடுவார்கள் என்று நினைத்தோம். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சாவியை ஒருவர் வைத்துக்கொண்டு இன்னொருவரைத் திண்ணையில் உட்காரவைப்பதைத்தான் நாங்கள் வாழ்க்கை முழுக்க எதிர்த்துப் பேசியிருக்கிறோம். சமூகவியல் படித்தவர்கள் வேறு!

தம்பி அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தான். "புகார் எங்கயும் போகாது பாப்பா. இந்த லேப்டாப்புக்குள்ளயே ஒரு கோப்புல எழுதி வைக்கும். இதுக்கு யாரு தலைவரோ அவங்க படிக்கறதுக்கு."

"இதுக்கு யாருண்ணா தலைவரு?"

"நீதான்."

அவளையே ரூட்டாக உள்ளே போகச் செய்தான். "சூ" என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடு. அந்தக் கோட்டை மறந்தால் அடுத்த கட்டளை கிடைக்கவில்லை என்று சொல்லும். பிறகு தன் பெயரை சுடோ குழுவில் சேர்த்தாள். வெளியே வந்து மறுபடி உள்ளே போனாள். ரூட் பாஸ்வேர்டையும் எங்களைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு மாற்றினாள். அன்று ஏழு லேப்டாப்பிலும் அதுவே நடந்தது. அடுத்த மாதம் ஒரு பையன் தன் லேப்டாப்பை உண்மையிலேயே கெடுத்தான். மறுபடி நிறுவினான். இன்றைக்கு எங்களைவிட வேகமாக டெபியன் நிறுவுகிறவன் அவன்தான்.

இனி எங்களை யோசிக்கவைத்த இன்னொன்று. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். கட்டற்ற மென்பொருள் என்றால் இயக்கவும் ஆராயவும் பகிரவும் மாற்றவும் உரிமை உண்டு. டெபியன் 1997இல் தனக்கென ஒரு சமூக ஒப்பந்தம் எழுதிக்கொண்டது. அதன் வழிகாட்டு விதிகளில் ஐந்தாவது, எந்த மனிதருக்கும் எந்தக் குழுவுக்கும் எதிராக உரிமம் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. படித்ததும் எங்களுக்கு அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு நினைவுக்கு வந்தது. கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் பாகுபாடு கூடாது என்று சொல்லும் பிரிவு.

ஆனால் விதி எழுதப்பட்ட அன்றே யாரும் தண்ணீர் குடித்துவிடுவதில்லை. பொதுக் குளங்களைத் தீண்டப்படாதாருக்குத் திறக்க வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சி 1924இல் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளும் வரை அந்தத் தீர்மானம் காகிதத்தில்தான் இருந்தது. அள்ளிய பிறகு அடித்தார்கள், குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள்.

திறந்த மென்பொருளும் எங்களுக்கு அப்படித் தீர்மானம் போடப்பட்ட குளம்தான். திறந்திருக்கிறது, உண்மை. ஆனால் கரை வரை போக லேப்டாப் வேண்டும், டேட்டா வேண்டும், ஆங்கிலம் வேண்டும், தறிக்குப் போகாத ஒரு மாலை வேண்டும், "நீதான் தலைவர்" என்று சொல்ல ஒரு தம்பி வேண்டும். "எல்லாம் இலவசமாகத்தானே கிடைக்கிறது, இவர்கள் ஏன் கற்றுக்கொள்வதில்லை?" என்று கேட்கிறவர்கள் கரை வரைக்குமான வழியைப் பார்த்ததில்லை. நாங்களும் தனித்தனியாகப் போயிருந்தால் திரும்பி வந்திருப்போம். கூட்டமாகப் போனதால்தான் அள்ள முடிந்தது.

2025 ஜூலை கடைசியில் ஒரு மாலை, கூடம் காலியாக இருந்தது. ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கவின் கொல்லப்பட்டிருந்தார். சென்னையில் வேலை பார்த்த மென்பொருள் பொறியாளர், தலித் இளைஞர். ஒரு பையனின் அம்மா வாசலில் நின்று கேட்டார்.

"ஏனுங்க, கம்ப்யூட்டரு படிச்சு மெட்ராசுல வேலைக்குப் போன பையனையே வெட்டிப்போட்டாங்களே. எம்பட பையன் படிச்சு என்னங்க ஆகப்போவுது?"

எங்களிடம் பதில் இல்லை. 2015இல் கொல்லப்பட்ட கோகுல்ராஜும் பொறியியல் முடித்தவர். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டப்பட்ட சங்கரும் பொறியியல் மாணவர். இருவரும் இந்தக் கொங்கு மண்ணில் படித்தவர்கள். படிப்பு சாதியைக் கரைத்துவிடும் என்று மேடையில் பேசுவது எளிது. கடல் தாண்டினாலும் கரைவதில்லை. 2020இல் கலிபோர்னியா அரசின் துறை ஒன்று சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. அங்கே பணியாற்றிய தலித் பொறியாளர் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானார் என்பதே அதன் குற்றச்சாட்டு.

ஆகவே அந்த அம்மாவிடம் நாங்கள் பொய் சொல்லவில்லை. "படிச்சா காப்பாத்திடும்னு சொல்ல முடியாதுங்க" என்றோம். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தோம். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு எழுந்து போனார். அடுத்த சனிக்கிழமை மகனை அனுப்பினார். ஏன் அனுப்பினார் என்று நாங்கள் கேட்கவில்லை.

ஆனால் படிப்பால் என்ன ஆகும் என்ற கேள்விக்குச் சின்னதாக ஒரு பதில் எங்கள் கூடத்தில் அதற்கு முன்பே உருவாகியிருந்தது.

எங்கள் தெருப் பெண்கள் அப்போது நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கூலி தாமதமாக வரும். வருகைப் பதிவேடு, எங்கள் பேச்சில் என்.எம்.ஆர்., முடிந்த 15 நாளுக்குள் கூலி தர வேண்டும் என்பது அப்போதைய விதி. தாண்டினால் 16ஆம் நாளிலிருந்து நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு இருந்தது. எங்கள் பெண்களில் யாருக்கும் இந்த விதி தெரியாது. நாங்கள் பயிற்சி வகுப்புகளில் பல முறை சொன்னதுதான், ஆனால் ஒரு தடவையாவது உட்கார்ந்து கணக்குப் போட்டதில்லை.

கையை எடுத்துக்கொண்டாளே, அந்தப் பெண்தான் கணக்குப் போட்டாள். அப்போது கல்லூரிக்குப் போயிருந்தாள். அப்பத்தாவின் நோட்டையும் வங்கிப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு பைத்தானில் இருபது வரிக்குள் ஒரு நிரல் எழுதினாள். பைத்தானில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கூலி, நாள், தாமதம் என்றே வைத்தாள். 2024-25இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலி 319 ரூபாய். முழுக் கூலி என்று வைத்தால் 6 நாளுக்கு 1,914. பணம் 35ஆம் நாள் வந்தால் 20 நாள் தாமதம். இழப்பீடு 19 ரூபாய் 14 காசு.

"பத்தொம்பது ரூவாய்க்கு ஒரு கடுதாசியா கண்ணு?" என்று அப்பத்தா சிரித்தார்.

"நம்முளுதுதானுங்க அப்பத்தா" என்றாள்.

தெருவில் இருந்த முப்பத்தியொரு பெண்களின் நோட்டுகளையும் வாங்கி அதே நிரலில் கொடுத்தாள். அச்செடுத்து, மனுவோடு இணைத்து, பெண்களே திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். இழப்பீடு வரவில்லை. மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வந்தது, விசாரணைக்கு ஒருவர் வந்தார், என்.எம்.ஆர். நகலைக் காட்டினார். அதுவரை அதைக் கண்ணால் பார்த்திராத பெண்கள் அதில் தங்கள் பெயரைத் தேடிப் பார்த்தார்கள். நிரல் அவர்களுக்கு நீதி வாங்கித் தரவில்லை. கேள்வி கேட்கும்போது கையில் ஒரு கணக்கு இருந்தது, அவ்வளவுதான். அதன் மதிப்பு எங்கள் பெண்களுக்குத் தெரிந்தது.

இதைப் படிக்கும் மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் விடுதியிலோ காலனியிலோ பரணில் ஒரு லேப்டாப் நிச்சயம் இருக்கும். இறக்குங்கள். டெபியனோ, பழகிய வேறு லினக்ஸோ போடுங்கள். ஜிசிசியும் பைத்தானும் ஒரு முறை இறக்கினால் தெருவுக்கே போதும். டெபியன் 12லிருந்து பிப் நேரடியாக நிறுவ மறுக்கும், பயப்படாதீர்கள். வீஎன்வியில் தனிச் சூழல் உருவாக்கினால் வேலை நடக்கும். பிழைச் செய்திகளைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தமிழில் கட்டளைச் சொற்களே கொண்ட எழில் என்ற நிரல்மொழியை முத்து அண்ணாமலை உருவாக்கியிருக்கிறார், சின்னப் பிள்ளைகளுக்கு அதில் தொடங்கலாம். முக்கியமாக, ரூட் பாஸ்வேர்டை நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த நிரலின் கடைசி வரியைச் சொல்லி முடிக்கிறோம். தாமதம் 15 நாளைத் தாண்டினால் திரையில் ஒரு செய்தி வரும்படி அவள் எழுதியிருந்தாள். எங்களுக்கு முதலில் ஓட்டிக் காட்டியபோது அதைப் படித்துவிட்டு, மூன்று வருடத்துக்கு முன் சிரிக்காத நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

"இந்தச் சம்பவம் புகாரளிக்கப்படும்."

ஜெய் பீம்!